இரவுச் சாப்பாடு போடக் கூடாத கடை: சிட்னியின் வார இறுதி ப்ரஞ்ச், ஒரு நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சிட்னியின் உள்நகரத் தெரு எதில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். காலையும் மதியமும் சேர்ந்த 'ப்ரஞ்ச்' சாப்பாட்டுக்காகத் தெருமுனைக் கஃபே வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். குழந்தை வண்டி இருக்கும், கயிற்றில் நாய் இருக்கும், காத்திருக்கும் நேரத்துக்கென்று வாங்கிய ஒரு காபி கையில் இருக்கும். நிற்பவர்களுக்கு அவசரம் இல்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கோ எழுந்திருக்கும் எண்ணமே இல்லை.

சமையலறைக்குள் போனால் அது வேறு உலகம். படிக்க வந்த காலத்தில் அந்த உலகத்தில் இரண்டு வருடம் சனி, ஞாயிறு வேலை பார்த்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் ரொட்டி வாட்டினேன், கடைசியில் முட்டை அடுப்பு முன்னால் நிற்க விட்டார்கள். அப்போது எனக்குள் எழுந்த கேள்வி இன்னும் போகவில்லை. வாடகை இவ்வளவு அதிகமான ஊரில், இவ்வளவு நிதானமாகச் சாப்பிடும் மக்களை வைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கடை எப்படிப் பிழைக்கிறது? வாரத்தில் இரண்டு காலைகள்தான் அதன் உயிர். அந்த இரண்டு காலைகளையும் யாருடைய நேரம் தாங்கிப் பிடிக்கிறது?

இதற்கு விடை தேட ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த கடை அல்ல அது. எல்லாக் கடைகளும் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டனவோ அந்தக் கடை: சிட்னியின் உள்நகரப் பகுதியான டார்லிங்ஹர்ஸ்ட்டில் தொடங்கிய 'பில்ஸ்'.

1993, லிவர்பூல் தெரு

'ப்ரஞ்ச்' என்ற சொல் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது அல்ல. 1895இல் இங்கிலாந்தில் கை பெரிஞ்சர் என்பவர், ஞாயிற்றுக்கிழமை கனமான மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து நடுவில் ஒரு வேளையாகச் சாப்பிடலாமே என்று எழுதினார். சனி இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அமெரிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டு பெரிய ஓட்டல் விருந்தாக்கினார்கள். அதைத் தெருமுனைக்குக் கொண்டுவந்ததில் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் பெரிய பங்கு உண்டு.

அதற்கு அடித்தளம் போட்டவர்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்து குடியேறிய இத்தாலியர்கள். குத்துச்சண்டை வீரராக இருந்த லூய்ஜி கொலுட்சி 1957இல் டார்லிங்ஹர்ஸ்ட் பக்கம் ஒரு காபி பார் திறந்தார். எஸ்பிரெஸ்ஸோ குடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் இப்படிப்பட்ட இடங்களில்தான் ஊறியது. ஆகவே 1993இல் பில் கிரேஞ்சர் என்ற 24 வயது இளைஞர் அதே பகுதியில், லிவர்பூல் தெரு மூலையில் கடை போட்டபோது காபிக்குப் பழகிய மக்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

கிரேஞ்சர் மெல்பர்னில் பிறந்தவர். ஓவியம் படிக்க சிட்னிக்கு வந்து படிப்பைப் பாதியில் விட்டவர். சமையல் பள்ளி எதிலும் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டார். கடைக்கு அவர் பிடித்த இடம் வீடுகள் நிறைந்த தெரு. அதனால் உள்ளூர் நகராட்சிக் கவுன்சில் நிபந்தனை போட்டது: பிற்பகலோடு கடையை மூடிவிட வேண்டும், இரவுச் சாப்பாடு கூடாது. இருக்கைகளுக்கும் ஒரு வரம்பு.

சாப்பாட்டுக் கடை நடத்தும் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். தலையில் கை வைத்துக்கொள்வார்கள். மது விற்பனையும் பெரிய பில்லும் இரவில்தான். அந்த வேளையே இல்லை என்றால், மிச்சமிருப்பது முட்டையும் ரொட்டியும் விற்கிற காலைப் பொழுது மட்டும்தான்.

அந்தக் காலைப் பொழுதில்தான் கிரேஞ்சர் முழுக் கவனத்தையும் வைத்தார். வெள்ளைச் சுவர், நிறைய வெளிச்சம். நடுவில் ஒரு பெரிய மர மேசை, அதன் மேல் செய்தித்தாள்களும் பத்திரிகைகளும். தனியாக வருபவரும் ஜோடியாக வருபவரும் அதைச் சுற்றி உட்காரலாம். மற்ற கடைகளில் காலைச் சாப்பாட்டை யாரோ உதவியாளரிடம் விட்டுவிட்டு முதன்மைச் சமையல்காரர் மாலையில்தான் வருவார். இங்கே நல்ல சமையல்காரரின் முழு அக்கறையும் காலை எட்டு மணி முட்டைக்குக் கிடைத்தது. தடை அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தடை வந்த எல்லோருக்கும் அப்படி நடந்துவிடாது. இவர் பட்டியலில் எதைச் சேர்த்தார், எதைச் சேர்க்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுப்பு முன்னால்

கிரேஞ்சரைப் பிரபலமாக்கியது கிண்டிய முட்டை. நியூயார்க் டைம்ஸில் எழுதிய ஆர்.டபிள்யூ. ஆப்பிள் அவரைச் சிட்னியின் முட்டை வித்தகர் என்றே பாராட்டினார். செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு ஆளுக்கு இரண்டு முட்டை, 80 மில்லி க்ரீம், ஒரு சிட்டிகை உப்பு. வாணலியில் 10 கிராம் வெண்ணெய் உருகியதும் கலவையை ஊற்றி, இருபது விநாடி தொடாமல் விட வேண்டும். மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மடித்துவிட்டு, மறுபடி இருபது விநாடி. முக்கால் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். தட்டுக்குப் போகும்போது சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும்.

இந்தச் செய்முறையைச் சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது! ருசி, அழகு எல்லாம் இருக்கட்டும், ஒரு சின்ன அடுப்பில் மணிக்கு எத்தனை தட்டு வெளியே போகும் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமையைத் தீர்மானிக்கிறது. ஒரே வாணலியில் ஐந்து ஆளுக்குச் சேர்த்துக் கிண்டினால் முட்டை உதிர்ந்து பொடியாகிவிடும். ஒன்றோ இரண்டோ பங்காகத்தான் செய்ய வேண்டும். சின்ன வாணலிகள் நாலைந்து வரிசையாக இருந்தால் ஒருவரே சமாளிக்கலாம். நான் நின்ற அடுப்பில் நாலு வாணலி இருந்தன. தோசைக்கல் முன் நின்று வளர்ந்தவனுக்கு அந்தக் கைக்கணக்கு பிடிபடக் கொஞ்ச நாள்தான் ஆனது. ஒன்றில் ஊற்றும்போது அடுத்ததை மடி, மூன்றாவதை இறக்கு.

பில்ஸின் மற்ற பெயர்பெற்ற தட்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். மக்காச்சோள வடை மாதிரியான ஃப்ரிட்டர் ஒன்று, கூட வாட்டிய தக்காளி, பசலைக்கீரை, பன்றி இறைச்சி. மாவைக் காலையிலேயே கலந்து வைத்துவிடலாம், தக்காளியை முன்பே அடுப்பில் வாட்டி வைக்கலாம். ரிகோட்டா ஹாட்கேக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ரிகோட்டா பாலாடைக்கட்டி, பால், முட்டை மஞ்சள் கரு, மாவு எல்லாம் கலந்து, வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து அதில் மெல்லச் சேர்ப்பார்கள். அதனால்தான் அந்த அப்பம் கனமில்லாமல் எழும்பி நிற்கிறது. மேலே வாழைப்பழமும், 'ஹனிகோம்ப்' என்ற மொறுமொறு மிட்டாயை நொறுக்கிக் கலந்த வெண்ணெயும். இதைத் தயாரிக்க நேரமானாலும் சாப்பிடுபவர் காத்திருக்கத் தயார், ஏனென்றால் இதை வீட்டில் செய்ய மாட்டார். சில தட்டு வேகமாகப் போகும், ஒரு தட்டுக்காக மட்டும் ஆட்கள் காத்திருப்பார்கள். பட்டியலின் எலும்புக்கூடே அதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ப்ரஞ்ச் சமையலறையில் எங்கே வேலை தேங்கி நிற்கும் என்று கேட்டால் புதியவர்கள் அடுப்பைக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் அது ரொட்டி வாட்டும் இயந்திரம். ஏறக்குறைய எல்லாத் தட்டிலும் ரொட்டி உண்டு. புளிக்கவைத்த மாவில் செய்யும் சவர்டோ ரொட்டி தடிமனாக இருக்கும், வாடச் சாதாரண ரொட்டியைவிட அதிக நேரமாகும். ஒரு ஞாயிறு பத்தரை மணிக்கு நாங்கள் வைத்திருந்த இயந்திரம் சுத்தமாக நின்றுவிட்டது. பதினெட்டு ஆர்டர் சீட்டு வரிசையில் தொங்குகிறது, முட்டை எல்லாம் தயார், கீழே வைக்க ரொட்டி இல்லை. கடைசியில் இறைச்சி வாட்டும் இரும்புத் தட்டின் பாதியைத் துடைத்து, எண்ணெய் தடவி, ரொட்டியைத் தோசை போலப் போட்டுத் திருப்பினேன். அன்று எனக்குத் திட்டு விழவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முட்டை அடுப்பு எனக்கு வந்தது.

அவகாடோவும் வீட்டு முன்பணமும்

வாட்டிய ரொட்டியில் அவகாடோ மசித்து வைத்துக் கொடுப்பதை முதலில் கஃபே பட்டியலில் சேர்த்தவர் கிரேஞ்சர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1993 என்று ஆண்டும் சொல்வார்கள். ரொட்டியில் அவகாடோ தடவிச் சாப்பிடுவது அதற்கு வெகுகாலம் முன்பே பல நாடுகளில் இருந்ததுதான். எலுமிச்சை, உப்பு, மிளகாய், கொத்தமல்லியோடு அதை ஒரு முழுத் தட்டாக மதித்துப் பரிமாறி, உலகம் முழுக்கப் பரவச் செய்ததில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அளவு சொன்னால் நியாயமாக இருக்கும்.

நான் வத்தலக்குண்டுக்காரன். மேலே தாண்டிக்குடி மலையிலிருந்து மூட்டை மூட்டையாக அவகாடோ, எங்கள் பேச்சில் பட்டர் ஃப்ரூட், இறங்கும். எங்கள் வீட்டில் அதைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குடிப்போம், வேறு விதமாகச் சாப்பிட்டதில்லை. அதே பழத்தின் மேல் உப்பையும் எலுமிச்சையையும் முதன்முதலாகப் பிழிந்தபோது கை கொஞ்சம் தயங்கியது. சாப்பிட்டுப் பார்த்த பிறகு தயக்கம் போய்விட்டது. ஆனால் இந்தத் தட்டுக்குக் கடைக்காரர் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்பதைச் சமையலறை சொல்லித் தந்தது: இதற்கு அடுப்பே வேண்டாம். முட்டைக்கும் இறைச்சிக்கும் இடம் போதாத நேரத்தில் பக்கத்து மேடையில் ஒருவர் தனியாக இதைச் செய்து தள்ளலாம். பழம் பழுக்கும் நாளைச் சரியாகக் கணித்தால் போதும். வியாழன் வந்த காய் சனிக்குக் கல்லாக இருந்தால் அந்த வாரம் போச்சு.

இந்தத் தட்டின் பெயரில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. 2016இல் மக்கள்தொகை ஆய்வாளர் பெர்னார்ட் சால்ட், 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழில், இளைஞர்கள் 22 டாலர் கொடுத்து நொறுக்கிய அவகாடோவும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டி சாப்பிடுகிறார்களே, அந்தப் பணத்தை வீட்டு முன்பணத்துக்குச் சேர்க்கலாமே என்று எழுதினார். நடுவயதினரின் உபதேசத்தைக் கேலி செய்யத்தான் எழுதினேன் என்று அவர் பிறகு விளக்கினாலும், அதற்குள் நாடே இரண்டாகப் பிரிந்திருந்தது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் சிட்னியில் ஒரு வீட்டின் நடுவிலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இருபது சதவீத முன்பணம் என்றால் இரண்டு லட்சம். 22 டாலர் தட்டை வாரத்துக்கு ஒன்று விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் சேர ஏறக்குறைய 175 வருடம் ஆகும். இதைப் பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீடு வாங்க முடியாத ஒரு தலைமுறைக்கு அந்தக் கஃபே மேசை, வரவேற்பறை இல்லாத குறையை ஈடுகட்டும் இடமாக இருந்தது. சின்ன அடுக்குமாடியில் மூன்று பேரோடு வாடகைக்கு இருப்பவர் நண்பரை எங்கே உட்கார வைத்துப் பேசுவார்? அந்த 22 டாலரில் சாப்பாட்டு விலையோடு இட வாடகையும் சேர்ந்துதான் இருக்கிறது.

மேசைக் கணக்கு

இட வாடகை என்று சொன்னதும் கடைக்காரர் பக்கம் போக வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், எண்கள் என் கற்பனை, வடிவம் மட்டும் உண்மை. 40 இருக்கைகள் உள்ள கடை. கூட்டம் உண்மையில் நெரிவது ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, மூன்றரை மணி நேரம். ஒருவர் 70 நிமிடம் உட்கார்ந்தால் ஒவ்வொரு இருக்கையும் மூன்று முறை நிரம்பும், 120 பேர். அவரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 93 பேர்தான். ஆளுக்கு 30 டாலர் என்றால் ஒரு காலையில் 810 டாலர் வித்தியாசம். இருபது நிமிடத்தின் விலை அது.

ஆனால் யாரையும் எழுப்பவும் முடியாது. நிதானத்தை வாங்கத்தானே வந்திருக்கிறார்கள்? பில்லைக் கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் கடைக்கு அடுத்த வாரம் போக மாட்டார்கள். அதனால் நல்ல கடை, உட்கார்ந்து பேசும் நேரத்தைத் தொடாமல் மற்ற நேரங்களைச் சுருக்குகிறது. உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் காபி ஆர்டர், சாப்பாடு பன்னிரண்டு நிமிடத்துக்குள், காலித் தட்டு உடனே எடுப்பு. விருந்தாளி உணராத இடத்திலிருந்து அந்த இருபது நிமிடத்தை எடுக்க வேண்டும். எடுப்பது யார்? உள்ளே நிற்பவர்கள்.

கிரேஞ்சர் கடை நடுவில் போட்ட அந்த நீள மர மேசைக்கு இங்கே இன்னொரு பொருள் கிடைக்கிறது. ஜோடியாக வருபவர்கள் நாலு பேர் மேசையில் உட்கார்ந்தால் இரண்டு இருக்கை வீண். இருக்கை வரம்பு உள்ள சின்னக் கடைக்கு அந்த இரண்டும் பெரிய இழப்பு. பொது மேசையில் ஒரு இருக்கைகூட வீணாகாது. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காருவது அந்த ஊரில் அன்று புதிது. நமக்கு அது புதிதே இல்லை. எந்த ஊர் மெஸ்ஸிலும் எதிரே யார் என்று பார்க்காமல் உட்கார்ந்து, சாம்பார் வாளியைத் தள்ளிக் கொடுத்து, எழுந்து போயிருக்கிறோம். சிட்னியில் அதற்குச் செய்தித்தாளும் பூச்சாடியும் துணைக்குத் தேவைப்பட்டன.

நாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2010இல் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் சம்மதித்தால் வெளிப்புற மேசைகளில் நாயோடு உட்காரலாம் என்றார்கள். காலை நடைக்கு வந்தவர் அப்படியே உட்காருகிறார். நடைபாதை மேசைகள் ஏழு மணிக்கே நிரம்பத் தொடங்குகின்றன.

ஞாயிற்றுக்கிழமைக் கூலி

ஆஸ்திரேலியாவில் உணவகத் தொழிலுக்கென்று தனி ஊதிய ஆணை உண்டு. நிரந்தர ஊழியருக்குச் சனிக்கிழமை அடிப்படைக் கூலியில் 125 சதவீதம், ஞாயிறு 150 சதவீதம். பொது விடுமுறை நாளில் இரண்டு மடங்குக்கும் மேல். நாட்டின் குறைந்தபட்ச மணிக்கூலி 2025 ஜூலையில் 24.95 டாலர் ஆனது. கடைக்கு அதிக வருமானம் வரும் நாளில்தான் கூலியும் உச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் ஞாயிறன்று 10 சதவீதம், விடுமுறை நாளில் 15 சதவீதம் என்று கூடுதல் கட்டணம் பட்டியலின் அடியில் இருக்கும். அப்படி வாங்கினால் எந்த நாளில் எத்தனை சதவீதம் என்பதைப் பட்டியலில் தெளிவாகத் தெரியும்படி எழுத வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அந்த வரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் போகும் பணம் அது.

போக வேண்டிய பணம் என்று திருத்திச் சொல்கிறேன். எனக்கு முதல் ஆறு மாதம் அது வரவில்லை. வாரநாளோ ஞாயிறோ ஒரே தொகை, கையில் ரொக்கம், சீட்டு எதுவும் கிடையாது. மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இது பழகிப்போன கதை. விசா நிபந்தனையில் இரண்டு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற வரம்பு உண்டு, இப்போது 48 மணி. யாராவது அதைக் கொஞ்சம் தாண்டியிருந்தால், புகார் கொடுத்தால் விசா போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார். கடைக்காரருக்கும் அது தெரியும். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்தச் செய்தியைப் படித்த அன்று, நான் கேட்காமல் விட்ட ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தேன். இருபத்து நாலு.

இன்னொன்றும் உண்டு. 'அக்கம்பக்கத்துக் கஃபே' என்கிறோம். சாப்பிடுபவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். சமைப்பவர், கழுவுபவர் யாரும் அங்கே குடியிருக்கும் வசதி உள்ளவர்கள் அல்ல. நாங்கள் வென்ட்வர்த்வில், ஹாரிஸ் பார்க், லிட்கம் பக்கங்களிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்தோம். சிட்னியில் தண்டவாளப் பராமரிப்பைப் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் வைப்பார்கள். அன்று ரயிலுக்குப் பதில் பேருந்து, ஒரு மணி நேரப் பயணம் ஒன்றே முக்காலாகும். மற்றவர்கள் மெதுவாக எழும் காலைக்காக நாலே காலுக்கு அலாரம் வைத்த ஞாயிறுகள் அவை. கிரேஞ்சரின் கடையைப் பற்றி வந்த எத்தனையோ கட்டுரைகளில் வெளிச்சமும் பூவும் மேசையும் வருகின்றன. எல்லாம் உண்மை. ரயில் நேரம் மட்டும் எதிலும் வந்து நான் படித்ததில்லை.

இரண்டு சோதனைகள்

இந்த வகைக் கடை எவ்வளவு உறுதியானது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டின. ஸ்டார்பக்ஸ் 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்து எட்டு வருடத்தில் 84 கடைகள் திறந்தது. 2008இல் அதில் 61ஐ ஒரே வீச்சில் மூடியது. காபி நன்றாக இருந்ததா இல்லையா என்பது ஒரு பக்கம். தெருமுனையில் உங்கள் பெயரையும், முட்டை எந்தப் பதத்தில் வேண்டும் என்பதையும் தெரிந்த ஆள் இருக்கும்போது, வேறு எங்கே போவீர்கள்?

மற்றது 2020, கொரோனா காலம். மார்ச் 23ஆம் தேதி நண்பகலோடு நாடு முழுவதும் உட்கார்ந்து சாப்பிடுவது நிறுத்தப்பட்டது. மே 15 முதல் நியூ சவுத் வேல்ஸில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் உட்காரலாம் என்றார்கள். பத்து இருக்கையில் ப்ரஞ்ச் கணக்கு எந்த வகையிலும் நிற்காது. ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த மக்கள் தங்கள் பேட்டைக் கடையில் தினமும் காபி வாங்கினார்கள். அலுவலகக் கட்டடங்களின் அடியில் இருந்த கடைகள் காலியாகக் கிடந்தபோது, குடியிருப்புப் பகுதிக் கடைகளில் பல இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

கிரேஞ்சர் அதற்குள் வெகு தூரம் போயிருந்தார். 2008இல் ஜப்பானில் கமாகுரா கடற்கரை ஓரம் ஷிச்சிரிகஹாமாவில் ஒரு கிளை. அந்த ஹாட்கேக்குக்காக அங்கே நீண்ட வரிசைகள் நின்றன. 2011இல் லண்டன் நாட்டிங் ஹில், பிறகு தென்கொரியாவின் சியோல். ஒரு தெருவின் நிபந்தனைக்குள் பிறந்த காலைச் சாப்பாடு, நிபந்தனையே இல்லாத ஊர்களிலும் அதே வடிவத்தில் நின்றது. 2023 டிசம்பர் 25 அன்று லண்டனில், 54 வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார். செய்தி சிட்னிக்கு வந்தபோது இங்கே கோடை விடுமுறை. அன்று மாலை நான் இரண்டு முட்டை, 80 மில்லி க்ரீம் என்று அளந்து கிண்டினேன். சமையல்காரரின் பெயரைச் சொல்லி நான் சமைத்தது அந்த ஒரு முறைதான்.

வென்ட்வர்த்வில்லில் ஒரு மேசை

எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு அண்ணன் கடை பார்த்துக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடம் ஓட்டல் சமையலறைகளில் இருந்தவர். சனி, ஞாயிறு காலை மட்டும்: தோசை, இடியப்பம், சொதி, சம்பல், முட்டை ரொட்டி, நல்ல காபி. இந்தக் கதையை எல்லாம் அவரிடம் சொன்னேன். பட்டியலைச் சின்னதாக வையுங்கள், அடுப்பு வேண்டாத ஒரு தட்டு கட்டாயம் இருக்கட்டும், வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக் கூலியை முதல் நாளிலிருந்தே எழுத்தில் கொடுங்கள் என்றேன். கூலி விஷயத்தை நான் முடிக்கும் முன்பே அவர் தலையாட்டிவிட்டார். அவரும் ரொக்கம் வாங்கியவர்தான்.

நீள மேசை என்றதும் யோசித்தார். "தம்பி, அந்தக் கணக்கு ரெண்டு பேராய் வாற ஆக்களுக்குச் சரி. எங்கட சனம் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிய எட்டுப் பேராத்தான் வருவினம். அம்மம்மா, ரெண்டு பிள்ளையள், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்த்து. அவையைப் பிரிச்சு இருத்த ஏலுமே?"

இதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. டார்லிங்ஹர்ஸ்ட்டில் வீணானது நாலு பேர் மேசையின் இரண்டு இருக்கை. இங்கே சின்ன மேசைகளை ஒட்டிப்போடும் நேரமும், எட்டுத் தோசையும் ஒன்றாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும்தான் சிக்கல். தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். முதல் தோசை யாருக்கு, கடைசி யாருக்கு? பிள்ளைகளுக்கு இடியப்பத்தை முதலில் அனுப்பிவிட்டால் பெரியவர்கள் காத்திருப்பார்கள் என்றார். அதுவும் சரிதான், இடியப்பம் முன்பே அவித்து வைக்கக்கூடியது.

கிரான்வில்லில் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் மூன்றரை மீட்டர் மேசை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். எட்டுப் பேர் ஒரு பக்கம் உட்கார்ந்தாலும் எதிர்ப்பக்கம் தனியாக வருபவர்களுக்கு இடம் இருக்கும். கடை வாசல் எண்பத்தைந்து சென்டிமீட்டர். கால்களைக் கழற்றினால் உள்ளே போகுமா என்று இந்தச் சனிக்கிழமை அளந்து பார்க்கப் போகிறோம்.